அருணாதேவி ஓடிய நாள்

பட்டாசுக் கம்பெனிக்குள் யாரும் ஓடுவதில்லை. ஒருத்தி ஓடினால் எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று பொருள். பார்த்தவர்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே பாய்வார்கள். நாரணாபுரத்தில் பல வருடமாகப் பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்தும் அருணாதேவிக்கும் இது தெரியும். தெரிந்தும் அன்றைக்கு ஓடினாள்.

அவள் கணவன் வெள்ளைத்துரைக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. போன வருடம் ஆர்டர் குறைந்து, வாரத்தில் பாதி நாள் வேலையில்லை என்றானபோது, வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு லோடு ஏற்றப் போனான். இப்போது அந்தத் துறைமுகத்தின்மேல் ஏவுகணைகள் விழுகின்றன. ஒரு வாரமாக அவனிடமிருந்து பேச்சில்லை. சனியின் பார்வை, எள் விளக்குப் போடு என்றார் ஜோசியர். எந்தச் சனி ஆர்டரைக் குறைத்தது, எந்தச் சனி ஏவுகணையை ஏவியது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. அருணாதேவி விளக்குப் போடவில்லை. விருதுநகருக்குப் பஸ் ஏறி எம்.பி. அலுவலகத்துக்குப் போனாள்.

எம்.பி. டெல்லியில் இருந்தார். பொருளாதார மந்தத்தையும் போரையும் சேர்த்து விவாதிக்க வேண்டும் என்று மக்களவையில் நாள்தோறும் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டும் வேறு வேறு விஷயம் என்று சொல்லித் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். அருணாதேவியின் வீட்டில் இரண்டும் ஒரே விஷயம்.

“எம்.பி. சபையில உங்க பேரச் சொல்லிக் கேட்டாத்தான்க்கா பதில் வரும். பேரில்லேன்னா புள்ளிவிவரம்னு ஒதுக்கிருவாக,” என்றான் அலுவலகத்தைக் கவனிக்கும் அன்பரசன்.

“ஆர்டர் இல்லாமத்தான் அவரு போனாருன்னு பேரச் சொன்னா கம்பெனியில சும்மா விடுவாகளா தம்பி? இந்த வேலையிலதான் எங்க அடுப்பு எரியுது. யோசிச்சுச் சொல்லுதேன்.”

மறுநாள். போனை வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாட்ச்மேன் ரத்தினசாமியிடம், “அண்ணே, அடிச்சா ஒரு சத்தம் கொடுங்க. அவராத்தான் இருக்கும்,” என்று கெஞ்சியிருந்தாள்.

நண்பகலுக்குச் சற்று முன் குரல் வந்தது. “அருணா! போனு!”

வெறுங்காலோடு ஓடினாள். அவளைப் பார்த்துப் பக்கத்து அறை ஓடியது. அதைப் பார்த்து மொத்தக் கம்பெனியும் ஓடியது. ஒருத்தி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். வேலியோரம் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். வெடிச்சத்தம் வரவில்லை.

“எங்கன பத்துச்சு?” என்றாள் விழுந்தவள்.

“எங்கனயும் பத்தலக்கா. போனு வந்துச்சு,” என்றாள் அருணாதேவி.

“அடிப்பாவி, போனுக்காடி இந்த ஓட்டம்? போன உசுரு இன்னும் திரும்பல எனக்கு!”

ஃபோர்மேன் பாண்டி வந்தான். “உள்ள மருந்து கொட்டிக் கெடக்கு. உரசியிருந்தா அம்புட்டுப் பேரும் கரி. உள்ள போகாத. நாளைக்கும் வராத.”

ஓடியது தப்புதான், அவள் மறுக்கவில்லை. அவளை ஓட வைத்தவர்களை வேலையை விட்டு நிறுத்த மட்டும் யாருமில்லை.

வாட்ச்மேன் கையில் போன் மறுபடியும் அடித்தது. எடுத்தாள். வெள்ளைத்துரை இல்லை, அன்பரசன்.

“அக்கா, எம்.பி. இப்பப் பேசப் போறாக. பேரச் சொல்லலாமா?”

அவள் பாண்டியைப் பார்த்தாள். அவன் காதில் விழும்படி சத்தமாகவே சொன்னாள்: “சொல்லுங்க. எம்பேரு, எங்க வீட்டுக்காரர் பேரு, ரெண்டும். கம்பெனி பேரையும் சேத்துக்கோங்க.”

அன்றைக்கும் விவாதத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. எம்.பி. எழுந்து பேசியதில், “வெள்ளைத்துரை எங்கே?” என்ற கேள்வி மட்டும்தான் கூச்சலுக்கு மேலே கேட்டது. மாலையில் வெளியுறவு அமைச்சகத்திலிருந்து ஒருவர் அருணாதேவியைக் கூப்பிட்டுக் கணவனின் பாஸ்போர்ட் எண்ணைக் கேட்டார். அவள் மனப்பாடமாகச் சொன்னாள்.