நாத்தனார் பேரில் இருந்த நிலம்

விவாகரத்து வழக்கில் என் வீட்டுக்காரர் கொடுத்த சொத்துப் பட்டியலில் ஒன்றரை ஏக்கர் சொச்சம் வரும் ஐந்து மா நிலமும் ஓட்டு வீடும்தான் இருந்தன. வக்கீல் படித்துக் காட்டினார். நான் எட்டாவதோடு நின்றவள். ஆனால் வலங்கைமான் பக்கம் எங்களுக்கிருந்த மூன்று வேலி நிலத்தில், இருபது ஏக்கரிலும், ஒவ்வொரு வரப்பும் தெரியும்.

மீதி எங்கே போனது என்பதும் தெரியும். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது, சர்க்கார் எடுத்துக்கொள்ளுமே என்று நாத்தனார் பேருக்கு எழுதி வைத்தார். பேர்தான் அவளுடையது, அறுத்த நெல் எங்கள் பத்தாயத்துக்குத்தான் வரும். அந்தப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

"நெல்லு யார் வீட்டுக்குப் போச்சுன்னு சொல்ல ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்கம்மா. இல்லன்னா உங்களுக்கும் பொண்ணுக்கும் இந்த அஞ்சு மாவை வெச்சுத்தான் ஜீவனாம்சம்" என்றார் வக்கீல்.

நெல் அளந்தவர் ஒருவர்தான். தன் தகப்பனார் காலத்திலிருந்து அந்த நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்தவர். போகலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் தவித்துவிட்டுப் போனேன். வாய்க்கால் கரையில் நாற்றுக்கட்டு இறக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்க கோர்ட்டுக்கு வந்து சொல்லணும்" என்றேன்.

"நீங்களா?" என்று சிரித்தார். "இத்தனை வருசமா என்னை வா, போன்னுதானேம்மா சொன்னீங்க. கோர்ட்டுன்னதும் மரியாதை வந்துடுச்சு."

நாற்றுக்கட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"குத்தகைப் பதிவுக்கு அதிகாரி வந்தப்ப, இவரு குத்தகைக்காரரான்னு உங்களத்தானே கேட்டாரு? கூலி ஆளுன்னு சொன்னீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"எங்க வீட்டுக்காரருதான் அப்படிச் சொல்லச் சொன்னாரு."

"தெரியும்மா. நான் வர்றேன். உங்க வீட்டுக்குத்தான் அளந்தேன்னு சொல்றேன். அதே கூண்டுல நின்னு, இவரு குத்தகைக்காரருன்னு நீங்களும் சொல்லிடுங்க. எனக்கு அது போதும்."

அன்று பொய் சொன்னதற்கு என்னைப் பிடித்துக்கொண்டால்? நிலமே சர்க்காருக்குப் போய்விட்டால் மகளுக்கு என்ன மிஞ்சும்? "யோசிச்சு ஆள் அனுப்புறேன்" என்றேன். அவர் அடுத்த கட்டைத் தூக்கினார்.

யோசித்துக்கொண்டே இருந்தேன். வாய்தா வந்தது. ஐந்து மாவுக்கான ஜீவனாம்சத்துக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

மறுவருஷம் நாத்தனார் அந்த நிலத்தைப் பட்டுக்கோட்டைக்காரர் ஒருவருக்கு விற்றாள். குத்தகைப் பதிவில் பேர் இல்லாததால், நெல் அளந்தவரை வயலில் இறங்கவிடவில்லை. பிறகொரு நாள் பஸ்ஸில் அவர் மனைவியைப் பார்த்தேன். வாய்தா அன்று ஆள் வரும் என்று, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு மத்தியானம் வரை காத்திருந்தாராம்.