குத்துவாளுக்கு வைத்த புதுப் பெயர்

எங்கள் மியூசியத்தில் ஆயுதங்களைத் துடைத்து வைப்பவளைக் 'கையுறை அக்கா' என்றுதான் கூப்பிடுவோம். பத்தொன்பது வருஷத்தில் ஒரு பொருளையும் வெறுங்கையால் தொட்டதில்லை. மதியம் சாப்பிட்டு முடித்ததும் கிழிந்த கையுறையை எடுத்துத் தைக்க உட்கார்ந்துவிடுவாள். பெயரட்டை எழுதுவதும் அவள்தான். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். நான் வாசலில் டிக்கெட் கிழிப்பவன்.

நடு அலமாரியில் இரண்டு ஆயுதங்கள் இருந்தன. கைப்பிடியில் சிவப்புக்கல் பதித்தது குறுவாள். பக்கத்தில் அழகே இல்லாமல் மொட்டையாகக் கிடந்தது குத்துவாள்.

"குட்டையா இருக்கறதால குறுவாள். அது ஆளைப் பாத்து வச்ச பேரு. இது வேலையைப் பாத்து வச்ச பேரு. ஒளிவுமறைவே இல்ல பாருங்க தம்பி" என்பாள்.

குத்துவாளைக் கொடுத்தது ஒரு பெரிய இடத்துக் குடும்பம். புதுக் கூடத்தைத் திறக்க அந்த வீட்டுப் பெரியவர் வருகிறார் என்றதும் எங்கள் மேலதிகாரிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"குத்துவாள்னா கொலைகாரக் குடும்பம் மாதிரி தெரியுது. வீரவாள்னு மாத்தி எழுதும்மா."

"குத்தறதுக்குன்னே செஞ்சது சார். கைப்பிடிக்குக் கீழ ரத்தக்கறை இருக்கே. பரிசோதனை பண்ணின சீட்டு உங்க மேசையிலதான் கிடக்கு."

"எழுத முடியாதுன்னா வேற வேலை பாத்துக்கோ."

படுத்த படுக்கையாகக் கிடக்கும் அவள் அண்ணனுக்கு மருந்து வாங்குவதே இந்த வேலையை வைத்துத்தான். அது தெரிந்தேதான் மிரட்டினான் அந்த ஆள். சீச்சீ! இவனெல்லாம் ஒரு மனுஷன்! அக்கா எழுதவில்லை. அவனே 'வீரவாள்' என்று அச்சடித்துக் கொண்டுவந்து ஒட்டினான்.

திறப்பு விழா அன்று அலமாரியைத் திறந்து குத்துவாளைப் பெரியவரின் வெறுங்கையில் கொடுத்தான். பெரியவர் கேமராவைப் பார்த்தபடி, கைப்பிடிக்குக் கீழே அந்தக் கறையின் மேலேயே முத்தம் கொடுத்தார். படம் சரியாக விழவில்லை என்றதும் இன்னொரு முத்தம்.

அக்கா முன்னால் போய் நின்றாள். "ஐயா, உதட்டைத் துடைச்சுக்கோங்க. நீங்க முத்தம் கொடுத்தது துரு இல்ல, ரத்தம்."

பெரியவர் கைக்குட்டையை எடுத்து உதட்டை அழுத்தித் தேய்த்தார். முகம் வெளிறிவிட்டது. மனுஷன் வெட்கப்படப் போகிறார் என்று நான் நினைத்தேன்.

"எங்க ஆளுங்க ரத்தம் இல்லையே?" என்று கேட்டார்.

"வாளைப் பிடிச்சது உங்க ஆளுங்க. ரத்தம் எதிர்ல நின்னவங்களோடதாத்தான் இருக்கும்."

"அப்பாடா!" என்று சிரித்தார். மூன்றாவது முறையும் முத்தம் கொடுத்தார். மேலதிகாரி கைதட்டினான். எல்லோரும் தட்டினார்கள்.

அன்று சாயங்காலமே அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கையுறையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"வரேன் தம்பி. கையை நல்லாக் கழுவிக்கோங்க."

"நான் எதையும் தொடலையேக்கா?"

"தட்டினீங்களே."