ஒரு சடைக்காக ஒரு சாமியைத் தேடினேன்

பழைய காகிதத்தில் பாட்டன் பூட்டனைத் தேடுகிற வேலைக்கு முதலில் வேண்டியது படிப்பு இல்லை, தும்மாத மூக்கு.

எனக்குப் படிப்பு இருந்தது, அந்த மூக்கு இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வரலாற்றுப் பட்டத்தோடு காங்கேயத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் பட்டதாரி. நான் ஒன்று சொல்லி அது தப்பாகிவிட்டால், கல்லூரிப் பக்கம் போன ஒரே ஆளும் இப்படி என்று ஆகிவிடுமே என்ற பயம் எப்போதும் உண்டு. திருப்பூரில் பனியன் தொழில் செழித்துக்கொண்டிருந்த காலம் அது. வறட்சியில் தோட்டம் காட்டை விட்டுவந்த குடும்பங்களுக்கு, தங்கள் முன்னோர் எந்த ஊரில் ஏர் ஓட்டினார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்திருந்தது. கிரயப் பத்திரம், நிலத் தீர்வை ரசீது, கல்யாணப் பத்திரிகை என்று மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருவார்கள். எங்கள் முதலாளி அமீது அண்ணன் சிரித்துக்கொண்டே மூட்டையை என் மேஜைக்குத் தள்ளுவார். சொந்த வீட்டுப் பரணில் ஏறி இறங்கியவர்களுக்கு என் பாடு புரியும்.

கால்நடைத் துறை

ஓர் ஏற்றுமதி முதலாளி கார் அனுப்பி என்னை அழைத்தார். தன் முன்னோர் பாளையக்காரர்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அதை நான் எழுதிக் கொடுத்தால் கண்ணாடி போட்டு மாட்டுவதற்குப் புது பங்களாவின் ஹாலில் ஆணிகூட அடித்துவிட்டார். நான் பத்திரங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். கடைசியில் அவருடைய பூட்டனார் அகப்பட்டார், வேறொருவருடைய நிலக் கிரயத்தில் சாட்சியாக: ‘பண்ணையில் மாடு மேய்க்கும் சென்னியப்பன், கைநாட்டு.’

எப்படிச் சொல்வது என்று இரண்டு டம்ளர் மோர் குடிக்கும்வரை தயங்கினேன். பிறகு பத்திரத்தையே காட்டிவிட்டேன். அவர் ஆணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. “தம்பி, கால்நடைத் துறையில இருந்தாருன்னு போட்டுக்கலாமுங்களா?”

பள்ளிக்கூடத்துக்கு முன்

மண்ணரையில் ஓவர்லாக் டெய்லராக இருந்த ஆறுமுகம் மனைவி சாவித்திரியோடும் ஐந்து வயது மகன் குமரனோடும் வந்தார். குமரனுக்கு இரட்டைச் சடை, நுனியில் சிவப்பு ரிப்பன். முதல் முடியைக் குலதெய்வத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் குலதெய்வம் எது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஆறுமுகத்தின் தாத்தா பஞ்சத்தில் ஊரைவிட்டு வந்தவர், ஊர்ப் பேரைக்கூட வீட்டில் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். சாமி தெரிகிறவரை கத்தரிக்கோல் வைக்க மாட்டேன் என்று சாவித்திரி சடை பின்னிக்கொண்டே இருந்தார். தெருப் பையன்கள் குமரனைக் ‘குமாரி’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். போதாததற்கு, சேரப்போகிற பள்ளியில் பையன்களுக்குச் சடை ஆகாது என்று சொல்லிவிட்டார்கள்.

கையில் இருந்தவை தாத்தாவின் கல்யாணப் பத்திரிகையும், பூட்டனார் மாரப்பன் பேரில், ஊர்ப் பேர் இருந்த பாதி கிழிந்துபோன ஒரு தீர்வை ரசீதும்தான். கிளம்பும்போது சாவித்திரி சொன்னார்: “அவசரப்படாம நிதானமாப் பாருங்க சார். ஆனா ஜூன் மாசத்துக்குள்ள பாருங்க.”

துணைக்கு வந்த முருகன்

பத்திரிகையின் தலைப்பில் ‘முருகன் துணை’ என்று இருந்தது, வேலும் மயிலுமாகப் படம் வேறு. குலதெய்வத்தின் பேரைத்தானே தலைப்பில் போடுவார்கள்? ஆறுமுகம் பழனிக்கு பஸ் நேரம் விசாரிக்கப் போய்விட்டார். எனக்குத்தான் மனது கேட்கவில்லை. அடியில் அச்சகத்தின் பேர் இருந்தது, காங்கேயத்திலேயே. விசாரித்துக்கொண்டு போனேன்.

அச்சகம் மகன் கைக்கு வந்திருந்தது. அவர் பத்திரிகையைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா காலத்து மர அச்சு ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். அதே வேல், அதே மயில். “எங்கப்பாகிட்ட இருந்ததே இந்த ஒரு பிளாக்குதானுங்க. மாரியாத்தா ஊட்டுக் கல்யாணத்துக்கும் முருகன்தான், பெருமாள் ஊட்டுக் கல்யாணத்துக்கும் முருகன்தான்!”

ஏதாச்சும் ஒரு சாமி

மே மாதம் வந்துவிட்டது. சாவித்திரியின் தம்பி, பனியன் கம்பெனியில் செக்கிங் மாஸ்டர், அலுவலகத்துக்கே வந்துவிட்டார். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டை அடிக்க வேண்டும் என்பதால் அவர் லீவும் இதில் மாட்டிக்கொண்டிருந்தது. “ஷிப்மென்ட்டுக்கு லேட்டாச்சுன்னா இருக்கற பீஸைப் பேக் பண்றதில்லீங்களா? அந்த மாதிரி இருக்கற சாமியில ஒண்ணைச் சொல்லுங்க சார்.”

சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. யார் வந்து கேட்கப்போகிறார்கள்? ஆனால் முதல் முடி ஒரு தடவைதான். தப்பான இடத்தில் கொடுத்துவிட்டால் திருப்பி ஒட்ட முடியாது. இன்னும் பத்து நாள் கொடுங்கள் என்றேன். அமீது அண்ணன் கண்ணாடியைக் கழற்றாமலே மாஸ்டரைச் சமாதானப்படுத்தினார்: “உடுங்க மாஸ்டர். இவன் பொண்ணு பாக்கப் போனாலும் வில்லங்கம் போட்டுப் பாத்துட்டுத்தான் காப்பி குடிப்பான்.”

மாரப்பன் அடுப்பு

பதிவு அலுவலகத்தின் பழைய பதிவுகளில் மாரப்பன் என்ற பேரில் நிலம் விற்றவர் ஒருவர் கிடைத்தார். அமராவதி நகரைத் தாண்டி ஒரு சின்ன ஊர், நிலத்தின் எல்லையாகக் ‘கன்னிமார் மரம்’, கன்னிமார் சாமி குடியிருக்கிற மரம். ஆனால் மாரப்பன் ஊருக்கு ஊர் இருப்பார். அந்த மரத்தடிக் கோயிலில் நோம்பித் திருவிழா நடக்கிற நாளாகப் பார்த்து எல்லாரும் பஸ் ஏறினோம். அன்றைக்குப் பங்காளிகள் அத்தனை பேரும் கூடியிருப்பார்கள். பூட்டனார் பேரை நாமாகச் சொல்லக் கூடாது, அவர்கள் வாயிலிருந்து வர வேண்டும் என்று வழியெல்லாம் ஆறுமுகத்திடம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மரத்தடியில் வரிசையாகப் பொங்கல் பானைகள், ஒவ்வொரு பானைக்குப் பக்கத்திலும் ஒரு குடும்பம். கடைசி அடுப்பில் மட்டும் பானை கொதிக்கிறது, ஆள் இல்லை. பக்கத்து அடுப்பில் இருந்த அம்மாவிடம், இது யாருடையது என்று கேட்டேன். “மாரப்பன் ஊட்டு அடுப்புங்க. பஞ்சத்துல போனவங்க. ஆளு இல்லீன்னாலும் சாமிக்குப் பானை குறையக் கூடாதில்லீங்க, நாங்களே வெக்கறோம்.”

ஆறுமுகம் ரசீதை எடுத்து நீட்டியதுதான் தெரியும். யாரோ அதை வாங்கிச் சத்தமாகப் படித்தார்கள். அப்புறம் யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று எனக்குக் கணக்குத் தெரியவில்லை. என்னையும் இரண்டு பேர் கட்டிக்கொண்டார்கள். அந்த அம்மா ஊதுகுழலைச் சாவித்திரியின் கையில் திணித்தார். “எங்க அப்பாரு காலத்துல இருந்து உங்க அடுப்புக்கும் நாங்கதான் வெறகு பொறுக்கறோம். இனி நீயே ஊது கண்ணு, எங்களுக்குக் கண்ணு எரியுது!”

மொட்டை

மாமன் மடியில் உட்கார்ந்த குமரன் அழவில்லை. மாமன்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். சடைகள் இரண்டும் ரிப்பனோடு தாம்பாளத்தில் கிடந்தன. சந்தனம் பூசிய தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, குமரன் பத்திரங்கள் அடைத்த என் ஜோல்னாப் பையைச் சந்தேகமாகப் பார்த்தான். “இந்தச் சடையையும் உங்க பையில வெச்சுக்குவீங்களா சார்?”

ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் பூட்டனைத் தேடிக் கொடுத்த எனக்கு என் தாத்தாவின் அப்பா பேர் இன்னும் தெரியாது. தேடிப் போக லீவு கேட்கும்போதெல்லாம் அமீது அண்ணன் இன்னொரு மூட்டையைத் தள்ளிவிடுகிறார்.