சட்டைக் கையில் ஓர் ஓட்டுத் தையல்

தையற்காரம்மாவின் கணவர் இறந்தபோது தலையைக் காட்டிவிட்டு ஓடிப்போன அண்ணன், அவளுக்கு இதயத்தில் அடைப்பு என்று டாக்டர் சொன்ன மறுநாளே பழப் பையோடு வந்து நின்றான். அடடா, என்ன பாசம்! பழத்தை மேசையில் வைத்தவன் கண்ணை மட்டும் வீட்டின் சுவர்களில் மேயவிட்டான்.

"கவலைய விடு தங்கச்சி. வீட்டை என் பேருக்கு எழுதி வச்சிரு. குட்டிய நான் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கறேன்."

குட்டி அவளுடைய மகள். முப்பது வயதாகியும் பேச்சு வராது. தானாகக் குளிக்கவோ உடுத்தவோ தெரியாது. தனக்குப் பிறகு இவளுக்கு யார் என்ற பயம் தையற்காரம்மாவை அரித்துக்கொண்டிருந்தது. பாவி, சரியாக அந்த இடத்தில் கை வைத்தான்.

தானப் பத்திரத்தை அவனே தயார் செய்து, அவளை வக்கீலம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனான். வக்கீலம்மா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல உங்க பொண்ணு பேரே இல்லையேம்மா. கையெழுத்துப் போட்டா வீடு இவரோடது. நாளைக்கே வித்தாலும் கேக்க முடியாது. வீட்டைப் பொண்ணு பேர்ல டிரஸ்ட்ல வச்சா, உங்களுக்கப்புறம் வாடகை அவ செலவுக்குப் போகும். பணத்தை ஒருத்தர் கவனிக்கட்டும், பொண்ணை இன்னொருத்தர் பாத்துக்கட்டும்."

"கூடப் பொறந்தவன நம்பாம, ஊரான நம்பச் சொல்றீங்களா?" என்று அண்ணன் எகிறினான்.

தையற்காரம்மா எந்தத் துணியையும் நேரே மெஷினில் ஓட்டுகிறவள் இல்லை. முதலில் கையால் ஓட்டுத் தையல் போடுவாள். உடுத்திப் பார்த்துச் சரியாக இருந்தால்தான் அழுத்தமான தையல். பத்திரத்தை மடித்து வைத்தாள்.

"ஒரு வாரம் குட்டி உங்க வீட்ல இருக்கட்டும்ணா. அப்புறம் போடறேன்."

மகளோடு கொடுத்தனுப்ப, நாளுக்கொன்று என்று ஏழு புது நைட்டிகள் தைத்தாள். ஒவ்வொன்றிலும் வலது கையின் வாயை ஒற்றை நூலால் மூடினாள். அந்த நூலை அறுத்தால்தான் குட்டியின் கை வெளியே வரும். இதை அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

"தினம் குளிப்பாட்டி, புதுசு மாத்தி, ராஜாத்தி மாதிரி வச்சிருக்கோம்" என்று அண்ணன் போனில் தேனாக ஒழுகினான்.

அழைத்துவரப் போனபோது குட்டி பவுடர் பூசிக்கொண்டு புது நைட்டியில்தான் உட்கார்ந்திருந்தாள். தாயைக் கண்டதும் அவள் மடியில் முகத்தைப் புதைத்தாள். பவுடருக்கு அடியில் கழுத்து மடிப்பு புண்ணாகியிருந்தது. தையற்காரம்மா தான் கொடுத்தனுப்பிய துணிப்பையைத் திறந்தாள். மிச்ச நைட்டிகள் எல்லாவற்றிலும் நூல் போட்டது போட்டபடி இருந்தது.

"எல்லாம் துவைச்சு மடிச்சு வச்சதுதான்" என்றான் அண்ணன், வாய் கூசாமல்.

அவள் ஒன்றை எடுத்து அவன் முகத்துக்கு நேரே விரித்தாள். "கை மூடியிருக்கே, எப்படிண்ணா போட்டுவிட்டீங்க?"

அவன் முகம் செத்துப்போனது. அடுத்த நொடியே சீறினான். "ஒரு நூலை வச்சு என்னை வேவு பாத்தியா? நாளைக்கு நீ கண்ண மூடினா இத எவன் சீந்துவான்?"

"தெரியல. தேடணும். அது நீ இல்லேன்னு மட்டும் தெரிஞ்சுபோச்சு."

கையோடு கொண்டுவந்திருந்த தானப் பத்திரத்தை அவன் மேசையிலேயே கிழித்துப் போட்டாள். பிறகு அந்த நைட்டியின் நூலைப் பல்லால் கடித்து அறுத்து, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு துண்டை நனைத்து மகளின் கழுத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.