ஏக்கருக்கு எண்பது கிலோ

பார்லி ஆராய்ச்சிப் பண்ணையில் பத்தொன்பது வருடமாக வயல் உதவியாளராக இருக்கிறேன். விதையை எடை போட்டுக் காகித உறையில் அடைப்பது, எந்தப் பாத்திக்கு எவ்வளவு யூரியா என்று குறித்து வைப்பது, அறுத்த மணியை நிறுப்பது எல்லாம் நான்தான். ஏக்கருக்கு நாற்பது கிலோ விதை, ஒன்றரை மூட்டை யூரியா, அதற்கு மேல் போனால் பயிர் சாயும் என்கிற அட்டவணையை என் கையாலேயே ஆறு முறை எழுதியிருக்கிறேன். கையெழுத்து அழகு என்று அதிகாரி பாராட்டினார். எழுதியதைப் படித்தேனா என்று அவர் கேட்கவில்லை.

எனக்கும் தம்பிக்கும் அடுத்தடுத்து ஒவ்வொரு ஏக்கர். விதைப்புக்கு முன்னால் ஒருநாள் அவன் சிரித்துக்கொண்டே, "அக்கா, பண்ணையில கவர்ல போட்டு விளையாடுறீங்க. நிலத்துல இறங்கினாத்தான் தெரியும்" என்றான். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது; அவனைவிடக் கூட விளைவித்துக் காட்ட வேண்டும் என்று. விதைப்பு இயந்திரம் ஓட்டும் என் கணவரிடம் எண்பது கிலோ போடச் சொன்னேன்.

"நாப்பதுன்னுதானே நீ எல்லாருக்கும் சொல்லுவ?"

"அது மத்தவங்களுக்கு."

யூரியாவும் மூன்று மூட்டை போட்டேன்.

பயிர் பச்சைப்பசேலென்று எழும்பியது. பண்ணையில் கூட வேலை பார்ப்பவர்களை எல்லாம் கூட்டிப்போய்க் காட்டினேன். நாற்பதே கிலோ போட்டிருந்த தம்பியின் பயிர் இடைவெளி விட்டு நின்றது. "கவலைப்படாதடா, தேறிடும்" என்று அவனுக்கு ஆறுதல் வேறு சொன்னேன்.

கதிர் பால் பிடிக்கிற நேரம், ஒரு மத்தியானம் காற்றோடு மழை அடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் என் ஏக்கர் முழுக்கப் பாய் விரித்தாற்போல் படுத்துக் கிடக்கிறது. நெருக்கத்தில் வெளிச்சம் தேடி நெடுநெடுவென வளர்ந்து, யூரியாவில் கொழுத்த தண்டு, கதிரின் கனத்தைத் தாங்கவில்லை. காரணமெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அதிகாரி வந்து படம் எடுத்துக்கொண்டார். இவ்வளவு ஒழுங்காகச் சாய்ந்த பயிர் பண்ணையில்கூடக் கிடைத்ததில்லையாம்.

படுத்த பயிரை அறுவடை இயந்திரத்தால் சரியாக வாரி எடுக்க முடியாது. தம்பிதான் அரிவாளோடு வந்தான். குத்திக் காட்டுவான் என்று நாலு பதில் தயாராக வைத்திருந்தேன். மூன்று நாள் எங்களோடு முதுகு வளைத்து அறுத்தான், அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கடைசியில் தாங்காமல் நானே, "ஏதாவது சொல்லித் தொலைடா" என்றேன்.

"தண்ணி குடு" என்றான்.

அவனுக்குப் பதினாலு மூட்டை கண்டது. எனக்கு எட்டு, அதிலும் பாதி சூம்பிப்போன மணி.

பண்ணைக்கு வரும் விவசாயிகளிடம் எவ்வளவு விதை போட்டீர்கள் என்று கேட்டால், முன்பெல்லாம் அட்டவணையில் உள்ளதையே ஒப்பிப்பார்கள். இப்போது நான் முதலில் என் எண்பதைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் வந்த ஒரு அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "தொண்ணூறும்மா" என்றார். அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.