ரங்கம்மாள் கேட்ட ஒரு நாள்

ஒரு மனிதர் நிம்மதியாக இருப்பதற்கு உண்மை தேவையா, அல்லது உண்மையை யாரும் கேட்காமல் இருந்தாலே போதுமா? ரங்கம்மாளின் வாழ்க்கையை நினைக்கும்போது எனக்கு இந்தக் கேள்விதான் வருகிறது. அவள் படித்தவள் அல்ல. ஊரில் யாரும் அவளைச் சிறப்பாகச் சொன்னதும் இல்லை. வாய்த்துடுக்கு உண்டு, பிடிவாதம் உண்டு, மகன் விஷயத்தில் கண்மூடித்தனமும் உண்டு. அப்படிப்பட்டவள் ஐம்பது வயதில் ஒரு முடிவெடுத்தாள். அது நல்ல முடிவா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கராபுரம் போகும் சாலையில், இருபுறமும் புளியமரங்கள் இருந்தன. ஆண்டுதோறும் அவற்றை ஏலம் விடுவார்கள். ரங்கம்மாளின் கணவர் சுப்புராயன் ஒரு துண்டுச் சாலையின் மரங்களை ஏலம் எடுத்து, மாசி பங்குனியில் புளி அடித்து, சங்கராபுரம் வியாபாரிகளுக்குப் போடுவார். வானம் பார்த்த நிலம் கொஞ்சம் இருந்தாலும் வீட்டில் அடுப்பெரிந்தது புளியால்தான். முதலில் அவரே மரமேறினார். மூச்சிழுப்பு நோய் வந்தபிறகு மகன் தமிழரசன் ஏறினான். கீழே பொறுக்குவது ரங்கம்மாளும், காலனியிலிருந்து வரும் முனியனும். மொத்தம் நான்கு பேர்.

இந்த வேலையில் அவர்கள் நால்வருக்குள் ஒரு வழக்கம் உண்டு. கிளையை உலுக்குவதற்கு முன்பு, மேலே இருப்பவர் 'ஹோ...ய்' என்று நீளமாகக் குரல் கொடுப்பார். அதைக் கேட்டதும் கீழே பரவலாக நின்று பொறுக்குகிறவர்கள் அடிமரத்துக்கு ஓடிவந்து ஒட்டி நிற்க வேண்டும். பட்ட கொம்புகளும் கைநழுவும் துரட்டிக் கோலும் வெளிப்பக்கம்தான் விழும். அடிமரத்தில் நிற்பவர் தலையில் எதுவும் விழாது. முனியன் இருபது வருடம் அந்தக் குரலுக்கு ஓடிவந்தவன். யோசித்து ஓடுவதில்லை. காது கேட்டால் கால் ஓடும்.

எண்பத்தேழு செப்டம்பரில், படிப்பிலும் வேலையிலும் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. மரங்களை அறுத்துச் சாலையில் தள்ளினார்கள். தமிழரசன் பி.காம். முடித்து இரண்டு வருடமாக வேலைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். அவனும் போனான். தன் அப்பா ஏலம் எடுத்த மரங்களையே அறுத்தான். "நம்ம மரமாச்சேடா" என்று சுப்புராயன் கேட்டதற்கு, "மரம் இன்னும் எத்தினி நாளைக்குச் சோறு போடும்?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

மறியலின் இரண்டாம் நாள் பகலில், உள்ளே பொந்து விழுந்த ஒரு மரத்தை அறுத்தார்கள். சாலையோரம் வெட்டிக் கிடந்த கழிகளை விறகுக்காக ஒடித்துக்கொண்டிருந்தான் முனியன். தள்ளித்தான் நின்றான். மரம் சாலைப்பக்கம் சாயத் தொடங்கியது. அங்கேயே நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அவன் மரத்தை நோக்கி ஓடினான். பொந்து பிளந்து அடிமரம் பின்னால் எகிறி அவன் நெஞ்சில் அடித்தது. எல்லோரும் சிதறி ஓடினார்கள். யார் அறுத்தது என்று போலீசுக்குப் பெயர் கிடைக்கவில்லை. தமிழரசன் அன்றே ஊரைவிட்டுப் போனான். ஒரு வாரம் கழித்து, தான் மரக்காணம் பக்கம் கடலோரத்தில் ஒரு விடுதியில் இருப்பதாகச் சொல்லியனுப்பினான்.

'ஓடு ஓடுன்னு கத்தறோம், அவன் மரத்தைப் பாத்து ஓடறான்.' பார்த்தவர்கள் இதைத்தான் சொன்னார்கள். குடித்திருந்தான் என்றார்கள் சிலர். சாகத்தான் போனான் என்றார்கள் வேறு சிலர். அதைக் கேட்டு உடைந்துபோனவள் முனியனின் மனைவி பாப்பாத்தி. அவள் புளி வேலைக்கு வந்ததில்லை. அந்த மாதங்களில் கரும்பு வெட்டுக்குப் போய்விடுவாள். அவளுக்கு அந்தக் குரலும் தெரியாது, வழக்கமும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"காலையில சண்ட போட்டேம்மா" என்று ரங்கம்மாளிடம் வந்து அழுதாள். "எங்கனா போய் செத்துத் தொலயேன்னு சொன்னேன். வாய வெச்சிக்கினு இருந்தேனா நானு? சொன்ன அன்னிக்கே போய் மரத்துக்குக் கீழ நின்னுட்டாரே."

"சண்டைல சொல்றதுதான்டி. அவன் இன்னா அதுக்கா போனான்?"

"பின்ன எதுக்கும்மா ஓடனாரு? நீயே சொல்லு. எதுக்கு ஓடனாரு?"

அதற்குப் பதில் தெரிந்தது ரங்கம்மாளின் வீட்டுக்கு மட்டும்தான். மரத்தை நோக்கி ஓடினான் என்று கேள்விப்பட்ட நிமிடமே அவளுக்குப் புரிந்துவிட்டது: யாரோ அந்தக் குரலைக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் குரல் தெரிந்தவன் அங்கே ஒருவன்தான். பாப்பாத்தியிடம் காரணத்தைச் சொன்னால் அது மகனைக் காட்டிக்கொடுப்பது. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்துகொண்டே வந்தது. பாப்பாத்தி சோற்றை விட்டாள். இரண்டு முறை அவளைக் கிணற்று மேட்டிலிருந்து இழுத்து வந்தார்கள்.

புரட்டாசி முடியும் சமயம், சுப்புராயனின் இழுப்புக்குக் கடல் காற்று நல்லது என்று ஊரில் சொல்லிவிட்டு இருவரும் மரக்காணத்துக்குப் பஸ் ஏறினார்கள்.

சவுக்குத் தோப்புக்குள் கீற்று வேய்ந்த ஐந்தாறு குடில்கள். அதுதான் விடுதி. பாண்டிச்சேரியிலிருந்து வசதியானவர்கள் வந்து ஓய்வெடுப்பார்கள். மழைக்காலம் வரப்போவதால் அப்போது யாரும் இல்லை. விடுதியை நடத்தியவர் ஜீவா, தமிழரசனின் கல்லூரி நண்பனுக்கு அண்ணன். மறைந்திருப்பவன் என்று தெரிந்தே அவனைப் பரிமாறும் வேலைக்கு வைத்திருந்தார். எதற்காக மறைந்திருக்கிறான் என்று கேட்கவில்லை. ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ஆயிரம் பேர்மேல் வழக்கு. அதில் ஒன்று என்று நினைத்துக்கொண்டார். வந்தவர்களை விருந்தாளிகளாகவே நடத்தினார்.

முதல் வேளை சாப்பிட்டதும் ரங்கம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

"யம்மா, வையிங்க அத. இங்க தட்டு கழுவ ஆளு கீது. நீங்க கட்டில்ல உக்காந்து கடலப் பாருங்க."

"கடலு எங்க போவப் போவுது தம்பி? கழுவிட்டுப் பாக்கறேன்."

"இவ பொறக்கும்போதே நின்னுக்கினுதான் பொறந்தா" என்றார் சுப்புராயன். "உக்கார வெக்க ஒங்களால ஆவாது."

ஜீவா சிரித்தார். தமிழரசனும் சிரித்தான். மூன்று வாரத்தில் அவன் மெலிந்திருந்தான். ரங்கம்மாள் அவனைப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் காலை கடலோரம் நடந்தார்கள். சுப்புராயன் மூச்சு வாங்கிப் பின்தங்கியபோது அவள் கேட்டாள்.

"கொரலு குடுத்தது நீதான?"

"எந்தக் கொரலு?"

"டேய்."

அவன் மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"தள்ளிதாம்மா நின்னுக்கினு இருந்தாரு. மரம் சாயுது, ஆளாளுக்குக் கத்தறானுங்க. எனக்கு வாயில அதுதான் வந்துது. பழக்கம். அவரு தலயத் தூக்கி என்னப் பாத்தாரு. பாத்துட்டு நேரா அடிமரத்துக்கு ஓடியாந்தாரு."

"ஓடியாருவான். வேற எங்க போவான்?"

"காப்பாத்தணும்னுதாம்மா கத்தனேன்."

வயதில் மூத்த முனியனைச் சிறுவயதிலிருந்து பெயர் சொல்லி 'டா' போட்டவன் அவன்; இப்போது 'அவரு' என்கிறான். ரங்கம்மாள் அதைக் கவனித்தாளா என்று தெரியவில்லை. சுப்புராயன் வந்து சேர்ந்தார். பேச்சு எதைப் பற்றி என்று முகங்களைப் பார்த்தே தெரிந்துகொண்டார். அவருக்கும் அந்த வேலை தெரியுமே.

"பாப்பாத்திகிட்ட சொல்லணும்" என்றாள் ரங்கம்மாள்.

"சொன்னா? செத்தவன் எழுந்து வந்துடுவானா? இருக்கறவன் ஜெயிலுக்குப் போவான். எதுக்காவ மரத்த அறுத்தானோ அந்த வேலயும் போச்சி. கேசு இருந்தா எவன் வேல குடுப்பான்?"

"அவ கெணத்தாண்ட போய் நிக்கறாய்யா."

"பாத்துக்கதான் நாலு பேரு கீறாங்க இல்ல?"

"எத்தினி நாளைக்குப் பாத்துக்குவாங்க?"

"பொங்கலு வரிக்கும் பொறுத்துக்கம்மா" என்றான் தமிழரசன். "எழுதுன பரீட்சைக்கு முடிவு வந்துடும். ஆர்டர் கைக்கு வந்ததும் நானே போய் சொல்லிட்றேன்."

அவன் உண்மையாகத்தான் சொன்னான் என்று நம்புகிறேன். எல்லா ஒத்திவைப்பும் சொல்லும்போது உண்மைதான். ரங்கம்மாள் விடுதியைப் பார்த்து நடந்தாள். அடுத்த நாள் காலையில் அவர்கள் ஊர் திரும்புவதாக இருந்தது. அன்று மாலை அவள் ஜீவாவிடம் போய் நின்றாள்.

"தம்பி, நாளைக்கு ஒரு நாளு சேத்து இருந்துக்கட்டுமா?"

"இன்னாம்மா கேள்வி இது? பத்து நாளு இருங்க."

"ஒரு நாளு போதும்."

அந்த ஒரு நாளில் அவள் எந்த வேலையும் செய்யவில்லை. தட்டைத் தொடவில்லை. தமிழரசன் பரிமாற, வறுத்த மீனும் குழம்பும் போட்டுச் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கினாள். கயிற்றுக் கட்டிலை வெளியே போடச் சொல்லி, சவுக்குக் காற்றில் தலையை விரித்துப் படுத்தாள். மகனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அவன் பேச ஆரம்பித்தபோதெல்லாம், "சும்மா இருடா" என்றாள். சாயங்காலம் அலையில் முழங்கால்வரை நின்று, புடவை நனைந்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். சுப்புராயனுக்கு நெஞ்சு லேசானது. ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தார். வெகுநாளைக்குப் பிறகு இழுப்பில்லாமல் தூங்கினார்.

பாப்பாத்தியின் கிணறு அவள் மனதில் இல்லாமல் போயிருக்காது. அந்த ஒரு பகலில் ஊரில் எதுவும் நடந்திருக்கலாம். நடக்கவில்லை என்பது தற்செயல். அதனால்தான் அவளைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடலாம். தமிழரசன் கைதானான். வழக்கு நான்கு வருடம் இழுத்தது. விடுதலையானபோது வேலைக்கான வயது தாண்டியிருந்தது. சென்னையில் ஒரு லாரி ஷெட்டில் கணக்கெழுதப் போனவன் ஊருக்கு அதிகம் வருவதில்லை. பாப்பாத்தி இருக்கிறாள். அடுத்த பங்குனியில் புளி பொறுக்க ஆள் தேடியபோது ரங்கம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றது அவள்தான். இருவரும் பேசிக்கொண்டு யாரும் பார்த்ததில்லை. சுப்புராயன் சாகும்வரை மனைவியிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். சொல்வதென்று முடிவு செய்தவள் அன்றைக்கே ஏன் கிளம்பவில்லை? ஒரு நாள் பொறுக்க முடிந்தவளுக்குப் பொங்கல்வரை ஏன் முடியவில்லை? "வேற வேல இல்ல ஒனக்கு?" என்பாள்.

திரும்பி வந்த அன்று கள்ளக்குறிச்சியில் பஸ் மாறினார்கள். மேற்கே கல்வராயன் மலையில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. சாலையின் இருபுறமும் அறுத்த அடிக்கட்டைகள். மகன் கொடுத்தனுப்பிய கருவாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, வழி முழுக்க அவள் சாதாரணமாகத்தான் பேசிவந்தாள். எருமைக்குத் தவிடு தீர்ந்திருக்கும் என்றாள். ஓட்டில் ஒழுகும் இடத்தை மழைக்கு முன்னால் மாற்ற வேண்டும் என்றாள். அவர்கள் ஊருக்கு ஒரு நிறுத்தம் முன்னால், காலனிப் பக்கம் பஸ் நின்றது. ரங்கம்மாள் எழுந்து பையைக் கணவரின் கையில் கொடுத்தாள்.

"இன்னா, இங்க எங்க எறங்கற?"

"நீ வூட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டு இறங்கி, பாப்பாத்தியின் வீட்டைப் பார்த்து நடந்தாள்.