புளி போட்டு விளக்கிய மழைமானி

போன வியாழக்கிழமை செம்புக் குடத்தைப் புளி போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு ஒரே சிரிப்பு. "தனியா என்னம்மா சிரிப்பு?" என்றாள் மகள். அவளிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மானம் போய் நாற்பது வருடமாகிறது, இனிமேல் போவதற்கு என்ன இருக்கிறது?

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில், கோலசிலாங்கூருக்கு வடக்கே, நெல்வயல்களுக்கு நடுவே ஒரு நீர்ப்பாசன ஆபீஸில் எனக்குத் தற்காலிக வேலை. தினமும் காலை எட்டு மணிக்கு மழைமானியைப் பார்த்து, எவ்வளவு மழை என்று பெரிய ஆபீஸுக்குப் போன் செய்ய வேண்டும். மழை பெய்திருந்தால் எங்கள் மதகைச் சில நாளைக்கு மூடி, வாய்க்கால் தண்ணீரைக் கீழ்ப்பக்கத்து வயல்களுக்கு விடுவார்கள். வெயில் காலத்தில் 'சைபர்' என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்த ஒரு சொல்லை எவ்வளவு கம்பீரமாகச் சொல்வேன் தெரியுமா!

மதகைத் திறந்து மூடுகிறவர் ஆறுமுகம் அண்ணன். ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர். அந்த வருடம்தான் இரண்டு துண்டு வயலைக் குத்தகைக்கு எடுத்து, முதல்முறையாக நெல் நட்டிருந்தார். "பால்மரம் வெட்டுனவனுக்கு நாத்து நட வருமா லா?" என்று தோட்டமே கேலி செய்தது. மனிதர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாற்று பச்சை பிடித்ததும் என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார்.

எங்கள் மழைமானி செம்பில் செய்தது, களிம்பேறிக் கிடந்தது. ஒரு வியாழன் மாலை, ஆபீஸை ஒட்டியிருந்த என் குவார்ட்டர்ஸில் வெள்ளிக்கிழமைக்காக விளக்குத் தேய்த்துக்கொண்டிருந்தவள், மிச்சப் புளியை வீணாக்குவானேன் என்று அதையும் தேய்த்துவிட்டேன். பளபளவென்று ஆகிவிட்டது! இரண்டு வாளித் தண்ணீரை மேலே ஊற்றிக் கழுவினேன். மறுநாளிலிருந்து லீவு. விடிந்ததும் முதல் பஸ்ஸில் பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு, அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். மழைமானிக்குள் மழைத்தண்ணீர் சேரும் போத்தலைக் கவிழ்க்க வேண்டும் என்ற புத்தி எனக்கு வரவே இல்லை.

எனக்குப் பதிலாக வந்த ஹமிட், போத்தலில் இருந்த தண்ணீரை அளந்து, 'நல்ல மழை' என்று போன் செய்துவிட்டார். காய்ந்து கிடந்த தரையை அவர் பார்த்தால்தானே! மதகை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. அண்ணன் தன் நாற்றுக்குப் போகிற தண்ணீரைத் தன் கையாலேயே மூடினார்.

ஞாயிறு மாலை பஸ்ஸை விட்டு இறங்குகிறேன், அண்ணன் சைக்கிளோடு நிற்கிறார்.

"மாசி மாசத்துல ஏது மழ, பாப்பா? பொறந்ததுலேருந்து பாக்குறேன். போன் பண்ணிச் சொன்னா, புக்குல மழைன்னு இருக்குங்கிறாங்க. நாத்து மஞ்ச புடிக்குதும்மா."

"அண்ணே... நான்தான் அத புளி போட்டு வெளக்குனேன்."

"அடிப்பாவி! அது என்ன, சாமி செம்பா?"

சொன்னால் வேலை போய்விடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? அப்போதே பெரிய ஆபீஸ் எஞ்சினியர் வீட்டுக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். செத்தேன் என்று நினைத்தேன். பிறகு ஒரு சிரிப்பு வெடித்தது பாருங்கள், பக்கத்தில் நின்ற அண்ணனுக்கே கேட்டது. இருட்டுவதற்குள் மதகு திறந்தது. ஓரத்து நாற்று கொஞ்சம் போனது, மற்றதெல்லாம் பிழைத்துக்கொண்டது. மலாயில் புளிக்கு அசாம் என்று பெயர். வேலை நிரந்தரமான பிறகும் ஆபீஸில் நான் 'மிஸ் அசாம்'தான்.

இப்போது மழைமானி தானே அளந்து தானே அனுப்புகிறதாம். ஆனால் மாசியில் வெள்ளம் வருகிறது, ஐப்பசியில் வயல் வெடிக்கிறது. எப்போது நடுவது, எப்போது மதகைத் திறப்பது என்று ஒவ்வொரு போகத்துக்கும் தேதியை மாற்றுகிறார்கள். இன்று நான் அதே தப்பைச் செய்தால் ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள். மாசியில் மழையா, எங்காவது ஒரு மூலையில் கொட்டியிருக்கும் என்று விட்டுவிடுவார்கள்.

முந்தாநாள் அண்ணன் கூப்பிட்டார். எண்பதை நெருங்குகிறார், இன்னும் அதே வயல்தான்.

"பாப்பா, நாத்து விட்டிருக்கேன். ஒன் போன்ல கொஞ்சம் பாத்துச் சொல்லும்மா, மழ வருமா?"

புத்தகத்தில் எழுதியிருந்த மழையையே இல்லை என்று அடித்துச் சொன்ன மனிதர், என்னிடம் கேட்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.